சாக்கை அவிழ்த்தது நான்தான்

சங்கரன்கோவில்,
வெள்ளி, அசர் தொழுதுவிட்டு.

அன்பு மகன் நியாஸ் அகமதுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம், நீயும் ரூபியாவும் பிள்ளைகளும் அங்கே சுகமாயிருக்க ஐந்து நேரமும் கேட்கிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். போன் வந்தால் உன் உம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள், இது அவள் காதில் விழக் கூடாது. அதனால் நாளை மறுநாள் தம்மாம் வரும் வாசுதேவநல்லூர் முகம்மது அப்சலிடம் கொடுத்துவிடுகிறேன். சர்க்கரை மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன். உன் தங்கை ஜுவைரியாவின் மூத்தவள் ஏழாவது போகிறாள், வாய் அப்படியே உன் உம்மாதான்.

மாடி கட்டுமுன் தூண்களைச் சோதிக்க நீ ஏற்பாடு செய்த இன்ஜினியர் கோகிலா வந்து போனது உனக்குத் தெரியும். பூச்சைக் கொத்திவிட்டு, ஸ்பிரிங் வைத்த சுத்தியல் மாதிரி ஒன்றைத் தூணில் வைத்து அழுத்திக்கொண்டே வந்தாள். அது துள்ளித் திரும்புகிற வேகத்துக்கு ஒரு நம்பர் காட்டுமாம். நம்பர் நன்றாகத்தானே இருக்கிறது என்று நான் கேட்டதற்கு, பழைய கான்கிரீட் மேலாப்புல கெட்டியாத்தான் காட்டும் ஐயா, உள்ள பாக்கணும் என்றாள். பிறகு மிஷின் வைத்துத் துளைத்துக் குழாய்ப்புட்டு மாதிரி ஒரு துண்டு எடுத்துப் போனாள். அதை லேபில் நசுக்கிப் பார்த்திருக்கிறார்கள். இருபது வரவேண்டிய இடத்தில் பத்துக்கூட வரவில்லை. மாடிய மறந்துருங்க, தூணச் சுத்திக் கம்பி கட்டிப் புதுசா கான்கிரீட் போடுத வரைக்கும் கீழயும் நிறைய ஆளு தங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வேலை முடிய ஒரு வருஷமாவது ஆகும் என்கிறாள்.

கொத்தனார் ஏமாற்றிவிட்டான் என்றுதான் நீ நினைப்பாய். சுடலைமணி மேல் ஒரு குற்றமும் இல்லை. ஜுவைரியா நிக்காஹுக்கு முப்பது நாள் லீவில் நீ வந்திருந்தாயே, நீ திரும்புமுன் புதுவீட்டு வாசலில் பந்தல் போட்டுவிட வேண்டும் என்று நான் பறந்துகொண்டிருந்தேன். தூண் வார்த்து, கான்கிரீட் காயாமல் இறுக ஈரச்சாக்கு சுற்றியிருந்தது. மூன்றாம் நாள் மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வந்தது. சாக்கு சுற்றிய தூணைப் பார்த்து என்ன நினைப்பார்களோ என்று வெட்கப்பட்டு அத்தனையையும் நானே அவிழ்த்தேன். பாய், பச்சத் தூணு, பத்து நாளாவது தண்ணி குடிக்கட்டும் என்று சுடலைமணி கெஞ்சினான், சும்மா இரும்வே என்றேன். தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை வந்த கோடை அது, தூணுக்கு வாங்கிய லாரித் தண்ணீரையும் பிரியாணிக்குத் திருப்பிவிட்டேன். வந்தவர்கள் கட்டி முடியாத வீட்டையே மெச்சினார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ பாலைவனத்தில் வெந்து அனுப்பியதை நான் காய விட்டுவிட்டேன் மகனே. என் மேல் எனக்கு வருகிற ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

ரிப்போர்ட் வந்தது சனிக்கிழமை. அதற்கு முந்தின நாள்தான் ஒரேயடியாக ஊரோடு வந்துவிடுகிறோம், வேலையை விடுவதாகக் கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று நீ சந்தோஷமாகச் சொன்னாய். திங்கட்கிழமை நீ கேட்டபோது ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்று பொய் சொன்னேன். உன் உம்மா பக்கத்தில் இருந்தாள். பேரப்பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று தெருவெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. ரூபியாவுக்கு என் சலாம், பிள்ளைகளுக்கு முத்தம். கட்டாயம் ஒரு காரியம் செய். நீ எழுதிக் கொடுத்ததைத் திரும்பத் தருவார்களா என்று கம்பெனியில் கேள். எப்ப வாரே, எப்ப வாரே என்று இத்தனை வருஷமும் கேட்டு உன்னைத் தொந்தரவு செய்தவன் நான்தான். இப்போது வராதே மக்கா.

இப்படிக்கு,
உன் வாப்பா
முகம்மது மைதீன்