இருபத்தைந்து முறை மெல்லவும்

பிப்ரவரி 19, புதன்

ஆபரேஷன் முடிந்து எட்டாவது நாள். காலையில் வடிகட்டிய கோழிச்சாறு நான்கு கரண்டி. பத்து மணிக்கு இன்னும் மூன்று. வயிறு போதும் என்கிறது, வாய் கேட்க மாட்டேன் என்கிறது. வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுத்த டாக்டர் இந்த வாயை அப்படியே விட்டுவிட்டார்.

பசியே இருக்காது என்றுதான் அக்ரா ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். நர்ஸுக்கு போன் செய்தேன். "அது வயித்துப் பசி இல்லம்மா, மண்டைப் பசி" என்றாள். எங்கே இருந்தால் என்ன? வீட்டுக்கு முன்னாலேயே என் சாப்பாட்டுக் கடை. விடிந்ததிலிருந்து இரண்டு மணி வரை உரலில் உலக்கை விழும் சத்தம். மரவள்ளியும் வாழைக்காயும் இடிபட்டு ஃபுஃபு ஆகும் வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கிறது.

சாயங்காலம் ஆட்டுக்கறிச் சூப் பானைக்குள் விரலை விட்டு நக்கினேன். மூன்றாவது தடவை என் வீட்டுக்காரர் அமோவா பார்த்துவிட்டார். திட்டவில்லை. பானையை மூடி, மூடிமேல் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 21, வெள்ளி

கொனாடு அக்கா வந்தாள். பத்தொன்பது வருடமாக என் கடையில் உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உலக்கை மேலே போகும் நேரத்துக்குள் மாவைத் திருப்பிப் போடுகிறவள். ஒரு நாளும் விரலில் அடி வாங்கியதில்லை. சபையில் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவியும் அவள்தான்.

"இன்னைக்கு ஐக்கியம் பூரா உபவாசம்டி, உனக்காக" என்றாள். "நான் தனியா ஒரு பொருத்தனையும் பண்ணியிருக்கேன். நீ திரும்ப நம்ம கடை ஃபுஃபு சாப்பிடுற வரைக்கும் நானும் அதைத் தொட மாட்டேன்."

"ஐயோ, எதுக்குக்கா இதெல்லாம்?"

"என் தங்கச்சிக்கு வயித்துல கட்டின்னு சொன்னப்ப நான் ஒண்ணுமே பண்ணல. மூணு வேளையும் தின்னுட்டுத் திரிஞ்சேன். உன்னையும் அப்படி விட்ருவேனா?"

கட்டி. நான் சொன்ன பொய் அது. முழங்கால் போய்விட்டது, சர்க்கரை ஏறிவிட்டது, எடையைக் குறைக்காவிட்டால் ஐம்பதைப் பார்க்க மாட்டாய் என்று டாக்டர் சொன்னார். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஐக்கியத்தில் பாதிப் பேர் பிள்ளைகளுக்கு இன்னொரு கவளம் கிடைக்க வேண்டும் என்று முழங்கால் போட்டு ஜெபிக்கிறவர்கள். சாப்பாடு இறங்காமல் இருக்க நான் கத்தி வைத்துக்கொண்டேன் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? அதுவும் சாப்பாடு விற்கிறவள். கேட்டவர்களிடம் கட்டி என்றேன். அந்த நேரத்தில், கட்டியாலேயே செத்துப்போன அக்காவின் தங்கை எனக்கு ஞாபகம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

கனவில் ஒரே ஒரு அவித்த முட்டை. எழுந்ததும் அழுகை வந்தது. ஒரு முட்டைக்காகவா அழுவார்கள்?

பிப்ரவரி 26, புதன்

இன்றிலிருந்து கூழ் பதத்தில் சாப்பிடலாம். மசித்த அவரையில் ஐந்து கரண்டி.

கொஞ்ச நேரம் கடையில் உட்கார்ந்தேன். ஒரு மெக்கானிக், வாடிக்கையாய் வருகிறவன், "என்ன மேடம், பாதியாயிட்டீங்க? இப்ப வேற ஆளு சமையலா?" என்றான். அக்கா உரலிலிருந்தே கத்தினாள். "அவ செத்துப் பொழச்சு வந்திருக்கா. தட்டைப் பாத்துத் தின்னுடா!"

இரண்டு மணிக்கு உலக்கை ஓய்ந்தது. எல்லோரும் கை கழுவி உட்கார்ந்தார்கள். அக்கா மட்டும் ஒரு அவித்த வாழைக்காயை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் ஊரில் என்ன சாப்பிட்டிருந்தாலும் ஃபுஃபு இறங்காத நாளில் சாப்பிட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. நாள் முழுக்க அதையே கையால் திருப்பிப் போட்டுவிட்டு, பட்டினியாய் வீட்டுக்குப் போகிறாள். அவளுக்கு வயிற்றுப்புண் வேறு. போகும்போது நெஞ்சுக்குக் கீழே கையை வைத்து அமுக்கிக்கொண்டு போனாள். அதைச் செய்தது நான்.

மார்ச் 1, சனி

சாப்பிட்டுவிட்டேன்.

எழுதத்தான் வேண்டும். கடையில் ஆள் இல்லாத நேரம். சட்டியில் ஒரு உருண்டை மீதி இருந்தது. நான் சாப்பிட்டுவிட்டேன் என்று அக்காவிடம் சொல்லிவிடலாம், அவள் பொருத்தனை முடிந்துவிடும் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். ஆனால் அத்தனை அவசரமாகச் சூப்பில் தோய்த்தேனே, அது அக்காவுக்காகவா? இல்லை. பசி. வெறும் பசி. அக்காவைச் சாக்கு வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக் காகிதம் சமையலறைச் சுவரில்தான் ஒட்டியிருக்கிறது. 'ஒவ்வொரு வாயையும் இருபத்தைந்து முறை மெல்லவும்.' ஃபுஃபுவை யார் மெல்லுகிறார்கள்? கிள்ளி, தோய்த்து, விழுங்குவோம். மெல்லுகிறவனை வெளியூர்க்காரன் என்று சிரிப்போம். நாற்பத்தைந்து வருடத் தொண்டை, தானாக விழுங்கிவிட்டது. நெல்லிக்காய் அளவுதான். நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. வாயெல்லாம் நுரை. அமோவா டாக்ஸி பிடிக்க ஓடினார்.

மார்ச் 2, ஞாயிறு

தையல் பிரியவில்லையாம். உருண்டை வெளியே வந்துவிட்டது. இங்கே பார்த்த டாக்டர், "ஃபுஃபுவா? ஆபரேஷன் ஆகி மூணு மாசம் போகட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் அக்கா. சபைக்குப் போகாமல் விடியற்காலையிலிருந்து நின்றிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என் தங்கச்சியும் இப்படித்தான்டி நுரையா கக்கினா… கட்டி திரும்ப வந்திருச்சா? மறைக்காம சொல்லு டூஃபி, திரும்ப வந்திருச்சா?"

இதற்கு மேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன். கட்டியே இல்லக்கா. எடையக் குறைக்கத்தான் போனேன். பொய் சொல்லிட்டேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், "பசிக்காம இருக்கிறதுக்கா ஆஸ்பத்திரிக்குப் போனே?" என்றாள். "நான் உனக்காகப் பசியோட கெடந்தேனே."

எழுந்து, துணியைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 3, திங்கள்

வேலைக்கு வந்தாள். மாவைத் திருப்பினாள். என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. மதியம் அவித்த வாழைக்காய்.

மார்ச் 9, ஞாயிறு

சுகமானதற்கு நான் சாட்சி சொல்ல வேண்டும் என்று ஐக்கியம் போன மாதமே குறித்து வைத்திருந்த நாள். அக்கா யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு வேலை மிச்சம்.

எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். உங்களை ஏமாற்றி உபவாசம் இருக்க வைத்தேன், மன்னியுங்கள் என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒருத்தி, "அந்த டாக்டர் நம்பர் இருக்கா?" என்று கேட்டாள், அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அக்கா பாட்டுப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

தட்டில் ஃபுஃபு போட்டு நானே கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். "எல்லாந்தான் தெரிஞ்சுபோச்சே, சாப்பிடுக்கா."

எட்டு நாள் கழித்து முதல் பேச்சு. "பொருத்தனை உன்கிட்ட பண்ணல, ஆண்டவர்கிட்ட பண்ணுனேன். நீ சாப்பிடுற வரைக்கும்னு சொன்னேன். நீ சொன்னது பொய்யா இருக்கலாம். நான் சொன்னது பொய் இல்ல."

"நான்தான் அன்னைக்கே சாப்பிட்டேனேக்கா."

"அது உள்ள தங்குச்சா?"

தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று மாதம்! என் வயிறு ஆறும்வரை அவளும் பட்டினி. அவள் என்னை இரண்டு அறை அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மார்ச் 27, வியாழன்

பானையில் விரல் விட்டுப் பதினைந்து நாள் ஆகிறது. கை போகும்போதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிய அவள் முதுகு கண்ணில் படுகிறது. மத்தியானத்தில் நான் என் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அந்தச் சுவருக்கே போய்விடுகிறேன். எனக்கு மசித்த மீன், அவளுக்கு வாழைக்காய். பேச்சு கிடையாது. இன்று மட்டும் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, "கோழிகூட இதவிடத் தின்னும்" என்றாள்.

ஏப்ரல் 18, வெள்ளி

பத்தொன்பது கிலோ குறைந்திருக்கிறேன். முழங்கால் வலியில்லாமல் குனிந்து அடுப்பு ஊதினேன். சந்தோஷப்பட்டேன், உடனே வெட்கப்பட்டேன். அக்காவின் தோள்பட்டை எலும்பு தெரிகிறது.

மே 17, சனி

டாக்டர் நேற்று சரி என்றார். ஒரு முட்டை அளவு, அதற்கு மேல் கூடாது.

இன்று அக்காவே மாவைத் திருப்பி, அவளே உருட்டி, சூப் ஊற்றிக் கொண்டுவந்தாள். அவளுக்கு ஒரு தட்டு. கை கழுவிவிட்டுத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். கடையில் பன்னிரண்டு பேர். நான் கிள்ளினேன், தோய்த்தேன், வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தேன்.

அந்த மெக்கானிக் பார்த்துவிட்டான். "அடேங்கப்பா, ஃபுஃபு கடை முதலாளியம்மா ஃபுஃபுவ மெல்றாங்கடா!" கடையே சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. ஆனாலும் மென்றேன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று.

"எறங்கிருச்சா?" அக்கா கேட்டாள்.

"எறங்கிருச்சுக்கா."

"தங்குமா?"

"தங்கும்."

கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஏதோ முணுமுணுத்தாள். பிறகு தன் தட்டில் கிள்ளி வாயில் போட்டாள். மூன்று மாதப் பசி, ஒரே விழுங்காக விழுங்குவாள் என்று நினைத்தேன். விழுங்கவில்லை. அந்த மெக்கானிக்கையே உற்றுப் பார்த்துக்கொண்டு மெல்ல ஆரம்பித்தாள். கன்னம் உப்பி உப்பி அடங்கியது. சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது.

வாய் நிறைய வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள். "எத்தனைடி?"

"இருபத்தஞ்சு."

மேசையில் விரலால் தட்டி எண்ணிக்கொண்டே மென்றாள். நான் என் இரண்டாவது வாயை எடுத்தேன்.