பஸ்ஸைப் போலத் திரும்பும் பைக்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமாக இருப்பாய், போனை எடுக்கக்கூட நேரமில்லாத அளவுக்கு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மா நலம், அப்பா ரொம்பவே நலம், நான்தான் நலமில்லை. முறைப்படி இதை அம்மா எழுதியிருக்க வேண்டும், ஆனால் அம்மா கட்சி மாறி அப்பாவின் பின்சீட்டில் ஏறிவிட்டதால் வீட்டுப் பெரியவர் என்ற பொறுப்பு பத்தாம் வகுப்பு படிக்கும் என் தலையில் விழுந்திருக்கிறது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன், அப்பாவின் குறட்டை நின்றால் நானும் நிறுத்திவிடுவேன், அதனால் கையெழுத்தைக் குறை சொல்லாதே.

வண்டி வந்துவிட்டது. போட்டோவில் பார்த்துவிட்டு சூப்பர்ப்பா என்றாயே, அதேதான். தாழ்ந்த சீட், மாட்டுக்கொம்பு மாதிரி ஹேண்டில்பார், சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல் காலை முன்னால் நீட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். பார்த்தால் நெடுஞ்சாலைக்கே ராஜா, ஸ்டார்ட் செய்தால் தையல் மிஷின். எஞ்சின் சின்னது, விலையும் பெட்ரோல் செலவும் நம் வீட்டுக்கு ஏற்றதுதான், அதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி மேட்டில் ஏறினால் பால்காரர் சைக்கிளில் முந்திப் போய் மேலே நின்று டாட்டா காட்டுகிறார். அப்பா அதற்கெல்லாம் அசரவில்லை, ராஜான்னா நிதானமாத்தான் போவாரு என்கிறார்.

அதுகூடப் போகட்டும். பஸ் டிரைவர் வேலையிலிருந்து அப்பாதான் ரிட்டயர் ஆனார், அவர் கைகள் இன்னும் டியூட்டியில்தான் இருக்கின்றன. திருப்பம் வந்தால், பின்னால் இல்லாத பஸ்ஸுக்கு இடம் விட்டு, சாலையின் எதிர்ப்பக்கம் வரை அகலமாகப் போய்த்தான் வளைக்கிறார். போன வாரம் எங்கள் பள்ளிக்கூட முக்கில் அப்படி வளைத்தபோது எதிரே தண்ணீர் லாரி. நான் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி அம்மாவின் காலை உரசிக்கொண்டு போய் நின்றது, செருப்பு சக்கரத்துக்கு அடியில். லாரிக்காரர் தலையை நீட்டி, பெரியவரே பைக் ஓட்டறீங்களா கப்பல் ஓட்டறீங்களா என்று கேட்டார். அம்மா என்னிடம், செருப்புதானே போச்சு, கால் இருக்கில்ல, உங்க அண்ணன்கிட்ட ஒளறி வைக்காதடி என்றாள்.

இந்த லட்சணத்தில், என் பரீட்சை முடிந்த மறுநாள் இரண்டு பேரும் இதிலேயே மலைப்பாதை வழியாக உன் ஊருக்குப் புறப்படுகிறார்கள். நீதானே போனில், பேசாம அந்த வண்டியிலயே வந்துடுங்கப்பா என்று சிரித்தாய்? வார்த்தை அவர் காதில் விழுந்தது, சிரிப்பு விழவில்லை. பஸ்ஸில் போங்களேன் என்றால், இன்னொருத்தன் ஓட்ட நான் கைய கட்டிட்டு உக்காரணுமா என்கிறார். நீ வேண்டாம் என்றால் வீம்புக்கு முந்தின நாளே கிளம்பிவிடுவார். அந்த மலையில் எத்தனை திருப்பம் என்று உனக்குத் தெரியாததா. கண்ணை மூடினால் எனக்கு அந்த லாரிதான் வருகிறது அண்ணா, இதைக் கிண்டலுக்குச் சொல்லவில்லை.

வெறும் வண்டிப் பைத்தியம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நேற்று அப்பா வண்டியைத் துடைத்துக்கொண்டே அம்மாவிடம் பேசியது ஜன்னல் வழியாகக் கேட்டது. அவனுக்கு லீவு கெடைக்காது, நாமளே போய் வாசல்ல நின்னா உள்ள வாங்கன்னு சொல்லாமலா இருப்பான் என்றார். அம்மா ஒரு துணியை எடுத்துப் பின்சீட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அதனால் அவர்கள் கிளம்புவதற்குள் நீ வந்துவிடு. புத்தியெல்லாம் சொல்ல வேண்டாம், வந்து நாலு நாள் இருந்தால் போதும், பிறகு அந்த வண்டிக்கு மார்க்கெட் போய் வருவதைத் தவிர வேறு வேலை இருக்காது. மார்க்கெட் வரைக்கும் நேர்ச்சாலை, ஒரு திருப்பம்கூடக் கிடையாது.

ஆசீர்வாதம் செய்ய எனக்கு வயதில்லை, அம்மா தினமும் உனக்குச் சொல்வதில் கொஞ்சம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. படித்ததும் இதைக் கிழித்துவிடு. பதில் எழுதாதே, வா.

உன் பயந்தாங்கொள்ளித் தங்கை