சனிக்கிழமை நடக்கிற தூரம்

14 ஜூலை 2025, திங்கள்

நண்டுக் கொம்பனியில் இன்றைக்கும் ஆறு மணித்தியாலம் நின்றபடி சதை எடுத்தேன். விரல் நுனியெல்லாம் கீறல். தேசிக்காய் போட்டுத் தேய்த்தும் மணம் போகவில்லை. நான் பராமரித்த வயதான யூத மனிசி ஹன்னா அம்மா இந்தக் கையைக் கண்டால் குசினிப் பக்கமே விடமாட்டா. நண்டும் இறாலும் அவர்களுக்கு விலக்கு, செதிலும் செட்டையும் உள்ள மீன் மட்டும்தான் சமைக்கலாம். முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்த நான் ஜெருசலேமில் ஆறு வருடம் ஒரு இறாலைக் கண்ணால் காணாமல் இருந்தேன் என்றால் இங்கே ஒருவரும் நம்புவதில்லை.

பின்னேரம் யாயெல் ஃபோன் எடுத்தாள். ஹன்னா அம்மாவின் ஒரே மகள், இப்போது தாய் அவளோடுதான். நான் பெப்ரவரியில் விசா முடிந்து திரும்பி வந்த பிறகு இது மூன்றாவது தரம். போன மாதம் ஏவுகணை விழுந்து அவர்களுக்குப் பக்கத்துத் தெருவில் வீடுகள் போய்விட்டனவாம். பிள்ளைகள் நித்திரையில் கத்துகிறார்களாம். புருசனுக்கு லண்டனில் வேலை சரிவந்திருக்கிறது. செப்ரெம்பரில் அவர்களின் புதுவருடத்துக்கு முன்னம் தாயையும் கூட்டிக்கொண்டு எல்லாரும் போகிறார்களாம். பதுங்குகுழி என்றால் என்ன என்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அவர்களின் எல்லை வேலிக்கு அங்கால் குண்டில் சாகிற பிள்ளைகளையும் ஃபோனில் பார்க்கிறேன், பார்க்க ஏலாமல் மூடி வைக்கிறேன். ஆரிடம் போய் என்ன கதைக்க?

லண்டனில் இருக்கிற என் தம்பி றஜித் இடம் பார்த்துத் தருவானா என்று கேட்டாள். அவர்களுக்கு எல்லா இடமும் சரிவராது. சனிக்கிழமை சபாத் என்கிற ஓய்வு நாள், வாகனம் ஏறக்கூடாது. செபக்கூடத்துக்கு நடந்துதான் போகவேண்டும். ஆகவே முதலில் செபக்கூடம், பிறகுதான் வீடு.

“இமா சனிக்கிழமைகளில் எவ்வளவு தூரம் நடந்தா? உனக்குத்தானே தெரியும்” என்றாள். இமா என்றால் அவர்கள் பாசையில் அம்மா.

“பன்னிரண்டு நிமிசம்” என்றேன்.

அவள் கேட்டு முடிக்கமுன்னமே வாய் சொல்லிவிட்டது. பழகின வாய்.

கடிதத்தையும் நினைவுபடுத்தினேன். சைப்பிரசுக்கு ஆள் எடுக்கிற ஏஜென்சி, கடைசியாக வேலை செய்த வீட்டின் கடிதம் இல்லாமல் பதியாதாம். வடிவாக எழுதித் தருகிறேன், உன்னைப்போல் ஒருத்தி எங்களுக்கு இனிக் கிடைக்கமாட்டாள் என்றாள். மகள் நிரோசினியின் கம்பஸ் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. எனக்கு அந்தக் கடிதம் வேணும்.

16 ஜூலை, புதன்

றஜித்துக்கு விளங்கப்படுத்துவதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. நடக்கிற தூரத்தில் செபக்கூடம். அவர்களின் இறைச்சிக்கடை, அவர்களின் பாண்கடை. பிள்ளைகளுக்கு அவர்களின் பள்ளிக்கூடம். மாடிவீடு வேண்டாம், சனிக்கிழமை லிப்ற் பொத்தான் அமத்தமாட்டார்கள். குசினியில் இரண்டு தொட்டி இருந்தால் நல்லது, பாலுக்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று.

“அக்கா, நான் இஞ்சை பதினாலு வரியமா ஒரு அறைக்குள்ளை கிடக்கிறன். எனக்கு ஒரு தொட்டியே ஒழுகுது.”

“போடா விசரா. பாப்பியா மாட்டியா?”

“பாப்பன், பாப்பன். அந்த மனிசி உனக்கு அவ்வளவு முக்கியமே?”

ஓம் என்றேன். வேறென்ன சொல்ல.

19 ஜூலை, சனி

இன்றைக்கு அவர்களின் ஓய்வு நாள். யாயெலின் ஃபோன் சாகும், நாளைக்குத்தான் உயிர் வரும். இந்தக் கொப்பிக்காவது பொய் சொல்லாமல் எழுதுகிறேன்.

முதல் நான்கு வருடம் ஹன்னா அம்மா தானாகத்தான் நடந்தா. பன்னிரண்டு நிமிசம் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. பிறகு முழங்கால் போனது. கடைசி இரண்டு வருடமும் வீட்டுப் படியிலிருந்து மருந்துக்கடை மூலை வரைக்கும்தான் நடை. நூற்றைம்பது காலடி, அதற்குப் பிறகு கால் நின்றுவிடும். சக்கரக் கதிரையில் ஏறமாட்டா. நகரத்தைச் சுற்றி ஒரு கம்பி கட்டியிருக்கிறார்கள், அதற்குள் ஓய்வு நாளிலும் கதிரையைத் தள்ளலாம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவவின் புருசன் அந்தக் கம்பியை நம்பாத மனுசனாம். அவர் நம்பாததை நானும் நம்பமாட்டேன் என்று பிடிவாதம்.

மூலைக்கு வந்ததும் இரண்டு பக்கமும் பார்ப்பா. தெருவில் ஆள் இல்லையென்றால் சுட்டுவிரலை உதட்டில் வைத்து என்னைப் பார்ப்பா. பிறகு என் கழுத்தில் இரண்டு கையையும் போடுவா. நான் முதுகில் ஏற்றிக்கொண்டு பின் ஒழுங்கையால் போய், செபக்கூடத்துக்குக் கிட்ட இறக்கி, தலைத்துணியைச் சரிப்படுத்தி விடுவேன். கடைசி இருபது காலடி தானே நடந்து ராணி மாதிரி உள்ளே போவா. 2009இல் சண்டைக்குத் தப்பி ஓடும்போது அம்மாவை நந்திக்கடல் தண்ணிக்குள்ளால் சுமந்த முதுகு இது. பழகின முதுகு.

யாயெல் வேறு ஊரில் இருந்தாள். சனிக்கிழமை அவளும் வாகனம் ஏறமாட்டாள். ஆறு வருடத்தில் ஒரு நாளும் அவள் அந்த நடையைக் கண்டதில்லை. வெள்ளியே வந்து தங்கினால் ஹன்னா அம்மா தடிமன் என்று போர்த்துக்கொண்டு படுத்துவிடுவா.

“யாயெலுக்குச் சொல்லாதே. முதியோர் இல்லத்தில் விட்டுவிடுவாள்.” வேதப்புத்தகத்தில் கைவைக்காத குறைதான், சத்தியம் வாங்கினா. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அவ இல்லத்துக்குப் போனால் என் விசாவும் போகும். தகப்பன் இல்லாத பிள்ளை நிரோசினி அப்போது ஏ.எல். சோதினைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பாதி அவவுக்காக, பாதி எனக்காக. சரியாகச் சொன்னால் பாதியைவிடக் கொஞ்சம் கூட எனக்காக.

20 ஜூலை, ஞாயிறு

றஜித்தின் குரல் பதிவு, ஏழு நிமிடம்!

“அக்கா, நேற்றுக் காலமை போய் நிண்டு பாத்தன். தொப்பியும் கறுப்புக் கோட்டுமா குடும்பம் குடும்பமா நடந்து போகினம். என்னை ஒரு ஐயா மறிச்சு ஆரைத் தேடுறாய் எண்டு கேட்டார். மாமிக்கு வீடு பாக்கிறன் எண்டன். என்ர மூஞ்சியைப் பாத்திட்டு மனிசன் சிரிக்குது.”

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர். கீழ்வீடு ஒன்று கண்டானாம். முற்றம், இரண்டு தொட்டி, பக்கத்திலேயே பாண்கடை. படங்களை யாயெலுக்கும் அனுப்பிவிட்டான். செபக்கூடம் வரைக்கும் எண்ணிக்கொண்டு நடந்து பார்த்தானாம், நான் சொல்லாமலே. ஆயிரத்து நூற்று நாற்பது காலடி. “கடைசித் துண்டு ஏத்தம். பன்னண்டு நிமிசம், நீ சொன்ன மாதிரியே.”

சிரிப்பு அதோடு நின்றது.

27 ஜூலை, ஞாயிறு

யாயெலுக்கு வீடு பிடித்துவிட்டது. நான் பூ அடையாளம் ஒன்று அனுப்பினேன். வெட்கம் கெட்டவள்.

3 ஓகஸ்ட், ஞாயிறு

பூசைக்குப் போகும்போது படலையிலிருந்து எண்ணத் தொடங்கினேன். நூற்றைம்பதில் தங்கச்சி ராஜினியின் வீட்டு வேலி. ஹன்னா அம்மாவின் மருந்துக்கடை மூலை எனக்கு அதுதான். அங்கே நின்று முன்னால் பார்த்தேன். ஆயிரத்து நூற்று நாற்பது வந்தபோது மதகடியில் நின்றேன். கோயில் கண்ணுக்கே தெரியவில்லை.

ராஜினி பின்னால் வந்து, “என்ன, நிண்டு நிண்டு எண்ணுறாய்?” என்றாள். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், முதுகில் தூக்கினதையும். ஒருவருக்கும் சொல்லாததை அவளுக்குச் சொன்னால் மனம் ஆறும் என்று நினைத்தேன்.

அவள் கொஞ்சநேரம் நடந்தாள். பிறகு நின்றாள்.

“எங்கட வீட்டிலை இருந்து கோயில் ரண்டரைக் கிலோமீற்றர். மோட்டார் சைக்கிளிலை இருத்தினால் அம்மா சரிஞ்சிடுவா. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சீலை உடுத்து முக்காடும் போட்டுப் படலையடியிலை கதிரை போட்டு இருப்பா. காத்து இஞ்சாலை அடிச்சால் மணி கேக்கும். கேட்டால் சிலுவை போடுவா. அதுதான் அக்கா அவவின்ர பூசை. நீ ஆற்றையோ அம்மாவைக் கோயிலுக்குச் சுமந்தனி.”

அம்மா செத்தபோது நான் ஜெருசலேமில். தொற்றுக் காலம், விமானம் இல்லை. ஃபோனில் சவப்பெட்டியைக் காட்டினார்கள்.

பூசையில் ஒன்றும் காதில் ஏறவில்லை. சண்டைக்குப் பிறகு வீட்டுத்திட்டம் என்று சொல்லி இந்த வெட்டைக்குள் காணி காட்டினபோது, கோயில் நடக்கிற தூரமா என்று எங்களை ஒருவர் கேட்டாரா? கூரை கிடைத்ததே போதும் என்று ஓடிவந்து ஏறினோம். யாயெல் ஆட்கள் கேட்கிறார்கள். கேட்கிறவளுக்கு நான் பொய் சொல்லியிருக்கிறேன்.

5 ஓகஸ்ட், செவ்வாய்

யாயெலின் செய்தி. வியாழக்கிழமை வீட்டுக்குக் கையெழுத்தாம். “இமாவுக்கு வீட்டுப் படம் காட்டினேன். மார்கிறட் வருவாளா என்று மட்டும்தான் கேட்டா. நீ போன பிறகு ஒரு சபாத்துக்கும் வெளியே வரவில்லை. என்னோடு வரமாட்டாவாம். உன்மேல் கோபம் போல. அங்கே போய் நல்ல தெருவைக் கண்டால் மாறிவிடுவா.”

கோபமில்லை பிள்ளை, பயம். உன் கண்ணுக்கு முன்னால் கால் நின்றுபோகும் என்ற பயம்.

கடிதம் எழுதிவிட்டாளாம். கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமை அனுப்புகிறாளாம்.

வெள்ளி மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் அவள் வியாழன் கையெழுத்து வைத்துவிடுவாள். நான் என்ன செய்ய? மாதாவே, நான் என்ன செய்ய?

6 ஓகஸ்ட், புதன்

சொல்லிப்போட்டன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் கொம்பனிக்குப் பின்னால் போய் நின்று எடுத்தேன். கையெல்லாம் நண்டு மணம். பன்னிரண்டு நிமிசம் இல்லை, நூற்றைம்பது காலடி என்றேன். அதுவும் பெப்ரவரிக் கணக்கு என்றேன். மிச்சம் நான் தூக்கினது என்றேன். ஹீப்ரூவில் முதுகுக்கு என்ன சொல் என்று அந்த நேரம் பார்த்து மறந்துபோச்சு. “என்ர பின்னாலை, என்ர பின்னாலை” எண்டு சொல்லிக்கொண்டு நிண்டன்.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு:

“நான் வந்து நின்ற சபாத்துகளில் தடிமன் என்று படுத்திருந்தாவே. அதுவும் பொய்யா?”

“ஓம்.”

“நீ விழுந்திருந்தால்? இமாவின் இடுப்பு உடைந்திருந்தால்? ஒவ்வொரு கிழமையும் கேட்டேனே உன்னிடம், நல்லாக நடந்தாவா என்று.”

கேட்டவள்தான். ஒவ்வொரு ஞாயிறும் கேட்டாள். ஒவ்வொரு ஞாயிறும் நல்லா நடந்தா எண்டு சொன்னன். ஃபோனை வைத்துவிட்டாள்.

ஹன்னா அம்மாவுக்குக் கொடுத்த சத்தியமும் போச்சு. மகளிடம் பேரும் போச்சு. இதைச் சொல்ல இரண்டு வருடமா எடுக்கும் ஒரு மனிசிக்கு?

8 ஓகஸ்ட், வெள்ளி

கடிதம் வரவில்லை. பொழுது பட்டால் அவர்களுக்கு ஓய்வு நாள் தொடங்கிவிடும். இனி ஃபோனைப் பார்த்துப் பயனில்லை. ஆனாலும் பார்த்தேன்.

15 ஓகஸ்ட், வெள்ளி

மடு மாதா திருவிழா. ராஜினியோடு பஸ்ஸில் போய்வந்தேன். அவளுக்கும் எனக்கும் இடையில் பழையபடி கதை இல்லை. ஆனால் தான் கொண்டுவந்த சோற்றுப் பார்சலில் பெரிய மீன்துண்டை எனக்குத்தான் வைத்தாள்.

30 ஓகஸ்ட், சனி

ஏஜென்சிக்காரன் எடுத்தான். கடிதம் இல்லையென்றால் அடுத்த ஆளைப் பதியப்போகிறானாம். பதியட்டும். நிரோசினி வவுனியாவிலிருந்து வந்திருக்கிறாள். “நீங்கள் போகாட்டி எனக்குச் சந்தோசம் அம்மா” என்கிறாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்துச் சமாளிப்பாளாம். அவளின் சந்தோசத்தைப் பார்க்க எனக்கு அழுகைதான் வந்தது.

23 செப்ரெம்பர், செவ்வாய்

அவர்களின் புதுவருடம். அப்பிளைத் தேனில் தொட்டுச் சாப்பிடுகிற நாள். ஹன்னா அம்மா எனக்கு எப்போதும் முதல் துண்டு தருவா.

லண்டனுக்குப் போனார்களா, இல்லையா? ஒன்றும் தெரியாது.

2 ஒக்ரோபர், வியாழன்

றஜித் அந்தத் தெருவால் போனானாம். நாங்கள் பார்த்த கீழ்வீட்டில் வேறு ஆட்களாம். “அக்கா, எல்லாத்தையும் நீயே குழப்பிப்போட்டாய் போல” என்றான். வேறு வீட்டை எங்கே எடுத்தார்களோ? எடுத்தார்களோ, தாயை இல்லத்தில்தான் விட்டார்களோ? இன்றைக்கு அவர்களுக்குப் பெரிய உபவாசம், பாவமன்னிப்பு நாள். நானும் மத்தியானம் சாப்பிடவில்லை. யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

2 நொவெம்பர், ஞாயிறு

ஆத்துமாக்கள் நாள். விடியவே ராஜினியும் நானும் சேமக்காலைக்குப் போனோம். அவள் புல்லுப் பிடுங்கினாள். நான் அம்மாவின் கல்லறையைக் கழுவி, சிலுவைக்கு வெள்ளை அடித்தேன். மெழுகுதிரி கொளுத்த ஃபோனை வெளிச்சத்துக்கு எடுத்தபோது யாயெலின் செய்தி கிடந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு. நேற்று ஓய்வு நாள் முடிந்ததும் அனுப்பியிருக்கிறாள்.

லண்டனில் செபக்கூடத்துக்கு நேரெதிரே இரண்டு அறை வீடாம். பிள்ளைகள் நால்வரும் முன்கூடத்தில் படுக்கிறார்களாம். ஆறு கிழமை கெஞ்சினபிறகு நேற்றுத்தான் இமா வெளிக்கிட்டாவாம்.

“நாற்பத்திரண்டு காலடி. நானே கையைப் பிடித்து நடத்தினேன். இருபதில் நின்றுவிட்டா. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தா. விரலை உதட்டில் வைத்தா. பிறகு என் கழுத்தில் இரண்டு கையையும் போட்டா. மார்கிறட், இமா இவ்வளவு பாரம் என்று நீ சொல்லவில்லையே.”

அவ்வளவுதான். கடிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் கேட்கப்போவதில்லை.

கல்லறையடியில் இருந்து அழுதேன். ராஜினி புல்லும் கையுமாக வந்து, என்ன என்று கேட்டாள். செய்தியை அவளுக்குத் தமிழில் சொன்னேன். கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

“எங்கட அம்மா கடைசியிலை பாரமே இல்லை அக்கா” என்றாள். “ஒரு கையாலை தூக்கிக் கட்டிலிலை விடுவன்.”

நந்திக்கடலுக்குள் நான் தூக்கினபோது அம்மா நல்ல பாரம். இடையில் இரண்டு தரம் இறக்கி வைத்தேன். அந்த அம்மாவைத்தான் எனக்குத் தெரியும். ராஜினி சொல்கிற அம்மாவை நான் தூக்கவே இல்லை.