பாலைவனத்துக்கு எதற்கு நங்கூரம்?

என் கண்ணான தம்பி வேலுவுக்கு,

நீ கண்ணை மூடிப் பத்து மாதம் ஆகிறது. உன் ஜீப் இன்னும் நம் வாசலில்தான் நிற்கிறது. சண்டைக்காலத்தில் லிபியா மணலில் லாரி ஓட்டிவிட்டு வந்து, பட்டாளத்து ஏலத்தில் நீயும் உன் கூட்டாளி கபாலியும் எடுத்த வண்டி. "குண்டு வெடிக்காத பாலைவனத்த ஒரு தபா பாத்துடணும்க்கா. இதுல நாலு சக்கரமும் இழுக்கும்" என்று ஜெய்சல்மீர் போகத் திட்டம் போட்டாயே! கபாலி இப்போது தனியாகவே போகிறானாம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு சங்கரா மீனைக்கூட விற்கும் கூடையில் போடாதவள் நான். அவன் சேர்த்த சாமான்களைப் பார்த்தால் உனக்கே சந்தேகம் வந்திருக்கும். முதலில் தாம்புக்கயிறு. அப்புறம் இரண்டு கப்பி. போன வாரம் ராயபுரம் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு நங்கூரத்தையே தோளில் சுமந்து வந்தான்.

பாலைவனத்துக்கு எதற்கு நங்கூரம்? ஜீப்பை விற்றுப் படகு வாங்கி, கள்ளச் சரக்கு ஏற்றப் போகிறான் என்று முடிவுகட்டிவிட்டேன். குப்பமே அப்படித்தான் பேசியது. நீ விட்டுப்போனது அந்த வண்டி ஒன்றுதான். அதையும் பறிகொடுக்க எனக்கு மனம் வருமா?

வண்டி திருட்டுப் போகாமலிருக்கப் பட்டாளத்தில் நீங்கள் செய்ததாகச் சொல்வாயே, அதையே செய்தேன். இன்ஜினிலிருந்து கட்டைவிரல் அளவு ரோட்டரைக் கழற்றி, உளுந்து டப்பாவுக்குள் புதைத்துவிட்டேன்.

மறுநாள் காலை வண்டி கிளம்பவில்லை. கபாலி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு நேராக என்னிடம்தான் வந்தான்.

"இன்னாக்கா, ரோட்டர எங்க வெச்சிக்கீற?"

"நங்கூரம் எதுக்குடா? அத்த மொதல்ல சொல்லு."

"சொன்னா நம்புவியா நீ? ரோட்டர எத்துக்கினு வண்டில குந்து, காட்றேன்."

திருவொற்றியூர்க் கடற்கரை மணலில் வேண்டுமென்றே வண்டியை இறக்கினான். சக்கரம் பாதிவரை புதைந்தது. முன்னால் போய் நங்கூரத்தை ஆழமாக நட்டான். கயிற்றைக் கப்பியில் கோத்து ஒற்றை ஆளாக இழுத்தான். வண்டி மெல்ல மேலே ஏறியது, தம்பி!

"அங்க மாட்டிக்கினா தள்றதுக்கு யாருக்கா கீறாங்க? வேலுதான் இத்த சொல்லிக்குட்த்தான். மணலும் கடலு மாரிதான், நங்கூரம் புடிக்கும்னான்."

அந்த மணலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். உன் யோசனையைத்தான் இத்தனை நாள் திருட்டுத்தனம் என்று திட்டிக்கொண்டிருந்தேனா?

ஆனாலும் பிறவிக் குணம் எங்கே போகும்? வீடு திரும்பியதும் தண்ணீர் டின்களை எண்ணினேன். மூன்று இருந்தன. ஒன்று அவனுக்கு, ஒன்று வண்டிக்கு.

"மூணாவது யாருக்குடா?"

"உனுக்குத்தான். ரோட்டர என் கைல குட்த்து அனுப்புவியா நீ?"

தை பிறந்ததும் கிளம்புகிறோம். கபாலியை இப்போதாவது நம்புகிறாயா என்று கேட்காதே. வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் ரோட்டர் என் முந்தானை முடிச்சுக்கு வந்துவிடும். குண்டு வெடிக்காத அந்த மணலை உனக்கும் சேர்த்து நான் பார்ப்பேன். உன் வண்டியை நம் வாசலுக்கே திருப்பிக் கொண்டுவருவேன். இது நம் அம்மா மேல் சத்தியம்.

கூடையை இறக்கினாலும் சந்தேகத்தை இறக்காத
உன் அக்கா,
மரகதம்