தோல்வாருக்குப் பதில் சங்கிலி

ஆம்பூர்,
1936 அக்டோபர் 12.

என் கண்ணான மகன் அருளப்பனுக்கு, உன் அம்மா அணைத்து முத்தமிட்டு எழுதுவது. ஈப்போவில் மாதாவின் அடைக்கலத்தில் நீ சுகமாய் இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், வேறொன்றும் எனக்கு வேண்டியதில்லை. உன் கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. இத்தனை தாமதமாய்ப் பதில் எழுதுகிறவள் இல்லை நான், அது உனக்கே தெரியும். இங்கே எல்லாரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் நாலு தடவை பேனாவை எடுத்தேன், பொய்யில் ஆரம்பிக்க மனம் வராமல் நாலு தடவையும் மூடி வைத்தேன். இப்போது உன் அப்பா கோல் ஊன்றிப் புழக்கடை வரைக்கும் நடக்கிறார், ஆகையால் எழுதலாம். பதறாதே. ஆகஸ்டு கடைசியில் அவருக்கு வலது கால் முறிந்தது, வேலூர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள், போன வாரம் கட்டு அவிழ்த்தாயிற்று. அக்கரையில் இருக்கிற பிள்ளைக்கு எதற்குப் பேஜார், எழுதாதே என்று அவர்தான் என் வாயைக் கட்டினார். பக்கத்து வீட்டு மஹ்பூபி தினமும் ஆட்டுக்கால் சாறு காய்ச்சிக் கொண்டுவந்து, குடிக்கிற வரைக்கும் வாசற்படியிலேயே நின்று, இருதயராஜ் அண்ணே, மிச்சம் வெச்சா நாளைக்கி ரெண்டு சொம்பு வரும் என்று மிரட்டிவிட்டுப் போகிறாள். உன் தங்கை எமிலி நாலாம் வகுப்பில் கணக்கில் முதலாவது வந்தாள், அப்பாவுடைய கோலை எடுத்துக்கொண்டு அவரைப் போலவே நொண்டிக் காட்டி அவரிடமே குட்டு வாங்குகிறாள்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். தோட்டத்து லாரிக்குப் பின்னால் இன்னொரு வண்டி கட்டி ரப்பர் பால் தகரங்களை இழுத்துப் போகிறாய் என்றும், திரும்பும்போது பால் வெட்டுகிற பெண்கள் கைக்குழந்தைகளோடு அதில் ஏறிக்கொள்கிறார்கள் என்றும், இரண்டையும் இணைக்கிற கொக்கி தேய்ந்து போய், புதுசு சிங்கப்பூரிலிருந்து வர நாளாகும் என்று துரை சொல்கிறார் என்றும் எழுதியிருந்தாய். அங்கே கிடைக்கிற கயிறு மழையில் மக்கிப் போகிறது, ஆகையால் அப்பா கையால் அறுத்த எருமைத் தோல்வார் பத்து முழம் அனுப்புங்கள், அதற்கு ஈடு இந்தச் சீமையில் ஒன்றும் இல்லை என்று எழுதியதைப் படித்து உன் அப்பாவுக்கு மார்பு விரிந்து போயிற்று. கட்டிலில் படுத்தபடியே தோல் வரவழைத்து, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரே சீராய் அறுத்து, சுருட்டி என்னிடம் கொடுத்தார். மகனே, அந்த வாரை நான் அனுப்பவில்லை. ஏன் என்று கேள்.

நம் டேனரி முதலாளி நிசார் அஹமது சாயபு வாங்கிய பழைய லாரி உனக்குத் தெரியும். நீ போன பிறகு சரக்கு ஜாஸ்தி ஆகிவிட்டது என்று ஒரு பெரிய கட்டை வண்டிக்கு ரப்பர் சக்கரம் போட்டு லாரிக்குப் பின்னால் மாட்டினார்கள். இங்கே எல்லாரும் அதைப் பின்வண்டி என்கிறார்கள். அதற்கும் கொக்கி போயிற்று. மேஸ்திரியாய் இருபது வருஷம் தோலோடு புழங்கியவர் உன் அப்பா, வேறு என்ன செய்வார், பச்சைத் தோல்வாரை ஊறவைத்து ஏழு சுற்று சுற்றி வெயிலில் காயவிட்டார். காய்ந்ததும் இரும்பு மாதிரி இறுகிவிட்டது. இது அறுந்துட்டா மீசைய எடுத்துடறேன் என்று டேனரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல்தான் ஓடியது.

அன்று சனிக்கிழமை. லாங் பஜாரில் எமிலிக்குச் சீட்டித்துணி வாங்க நானும் லாரியிலேயே வேலூர் போயிருந்தேன். திரும்பும்போது உப்புப் போட்ட பச்சைத் தோலை இரண்டு வண்டியிலும் அடுக்கினார்கள், தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. முன்னால் டிரைவர் சர்தார் பாஷாவின் பக்கத்து இடத்தை உன் அப்பா எனக்குக் கொடுத்துவிட்டுப் பின்வண்டியில் தோல்மேல் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டார். ஏறும்போது பார்த்தேன். மேலே அடுக்கிய ஒரு தோல் சரிந்து பின்பலகையில் இருந்த சிவப்பு விளக்கின்மேல் மடிந்து தொங்கியது. பார்த்தேன் அருளப்பா, பார்த்தும் சொல்லவில்லை. முந்தின வாரம்தான் ஏதோ சொல்லப் போய், தோலு நம்ம வேலை, நீ பசங்களுக்குப் பாடம் சொல்லு என்று கேலி பேசியிருந்தார், நமக்கெதற்கு என்று ஏறி உட்கார்ந்தேன். காலேஜ் படிப்பு படித்து என்ன, ஒரு வாய்ச்சொல் வரவில்லை.

பள்ளிகொண்டா தாண்டினதும் மழை பிடித்துக்கொண்டது, பொழுதும் சாய்ந்தது. மாதனூருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மேடு, அதில் ஏறும்போது லாரி திடீரென்று உற்சாகமாய்ப் போயிற்று. வண்டி இன்னிக்கி இன்னாமா இழுக்குது பாருங்க வாத்தியாரம்மா, குதிரை கணக்கா போவுது என்று சர்தார் பாஷா சந்தோஷப்பட்டார், நானும் சிரித்தேன். அரை மைல் போய் வளைவில் தலையை நீட்டிப் பார்த்தால் பின்னால் வண்டியே இல்லை. தோல்வார் அறுந்துபோகவில்லை. மழைத்தண்ணீரும் உப்புத்தண்ணீரும் ஊறி, பச்சைத் தோல் இளகி நீண்டு, முடிச்சு தானாகவே நழுவிவிட்டிருக்கிறது. தோலைப் பற்றி இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது, ஊறவைத்தால் இளகும் என்று தெரிந்துதானே ஊறவைத்துக் கட்டினார்கள். மழை வந்தாலும் ஊறும் என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அங்கே உன் அப்பா நடுரோட்டில் தனியாய். விளக்கைத் தேடித் தோலைப் புரட்டினால் அது எப்போதோ நனைந்து அணைந்து போயிருக்கிறது, நெருப்புப் பெட்டியும் சொதசொதவென்று. அந்த நேரம் பார்த்து வேலூரிலிருந்து பின்னாலேயே பஸ் வந்தது. தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துண்டை அவிழ்த்துக்கொண்டு ரோட்டில் எதிரே ஓடி நின்று வீசினாராம். பஸ்காரன் கடைசி நிமிஷத்தில் ஒடித்தான், ஜனங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்வண்டி மூலையில் பட்டு அது உருண்டு வந்து அவர் கால்மேல் ஏறிற்று. நாங்கள் திரும்பி வந்தபோது மழையில் ரோட்டோரம் உட்கார்ந்து, சவுரி, வாரு அறுந்துச்சா பாரு என்றுதான் முதலில் கேட்டார்.

உன் ஊரில் தினமும் சாயங்காலம் மழை என்று எழுதுகிறாய். உன் பின்வண்டியில் தோல் இல்லை, பிள்ளைக்காரிகள் உட்கார்ந்து வருகிறார்கள். ஆகையால் நல்ல கொக்கி வருகிற வரைக்கும் மனுஷரை அதில் ஏற்றாதே, துரை கோபித்தாலும் ஏற்றாதே, பணிவாய்ச் சொல், ஆனால் சொல்லாமல் விட்டுவிடாதே. பின்விளக்கைச் சரக்கு தொங்கி மறைக்காத இடத்தில், வெளியே நீட்டிய கம்பியில் மாட்டு. பொழுது சாய்ந்து புறப்படும்போது நீயே இறங்கி இருபது அடி பின்னால் போய் நின்று விளக்கு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு ஏறு, ஏற்கெனவே பார்த்தேன் என்று இருந்துவிடாதே. திரும்புவதற்கு நீ கை நீட்டினால் எதிரே வருகிறவனுக்குத் தெரியும், பின்னால் வருகிறவனுக்குச் சரக்குதான் தெரியும். இப்போது சர்தார் பாஷா பின்வண்டியில் நிதானமான ஆள் ஒருவரை உட்காரவைத்து, ஹாரன் ஒரு தரம் அடித்தால் வலது பக்கம் அவரும் கையை நீட்டும்படி ஏற்பாடு செய்திருக்கிறார், நல்ல கொக்கி வந்த பிறகு தகரம் ஏற்றிப் போகும்போது நீயும் அப்படிச் செய். இறக்கத்தில் பின்வண்டி லாரியை முன்னே தள்ளும், பாதி வழியில் பிரேக்கை அழுத்தாமல் இறங்குவதற்கு முன்பே கியரைக் குறைக்கச் சொல்லுங்க தம்பிகிட்ட என்று உனக்கு அவர் சொல்லியனுப்புகிறார். பாரத்தைப் பின்பக்கம் குவிக்காதே என்றும் சொன்னார்.

வாருக்குப் பதிலாய் லாங் பஜாரில் ஒரு நல்ல இரும்புச் சங்கிலி வாங்கி வரச்செய்து அனுப்புகிறேன். உன் அப்பா அறுத்த வார் என் துணிப்பெட்டியில் அடியில் கிடக்கிறது, அவரிடம் சொல்லவில்லை. இதை மறைத்தது தப்புதான், ஆனால் படுக்கையில் இருக்கிறவர் மனம் நோக எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இவ்வளவும் எழுதி வைத்துவிட்டு இன்று மத்தியானம் பார்சலைச் சாக்கில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை துணி சுற்றினாலும் சங்கிலி சங்கிலிதானே, ஊசி குத்துகிறபோதெல்லாம் கலகலத்தது. அவர் கட்டிலில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், தூங்குகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பாமலே, ஒண்ணுதான் வெச்சியா என்று கேட்டார். ஒண்ணு பத்தாது சவுரி, ரெண்டு வேணும், குறுக்கால மாத்தி மாட்டணும், ஒண்ணு நழுவினா இன்னொண்ணு தாங்கும், அவனுக்கு எழுது என்றார். தையலைப் பிரித்துவிட்டேன். இரண்டாவது சங்கிலி நாளைக்கு வரும், இரண்டையும் சேர்த்து அனுப்புகிறேன்.

மாதா உன்னை எந்த ரோட்டிலும் கைவிடாமல் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடாதே, மழையில் நனைந்த சட்டையோடு தூங்காதே. சங்கிலி கிடைத்ததும் உன் அப்பா பேருக்குத் தனியாய் ஒரு கடிதம் போடு, எனக்கு அப்புறம் எழுதினால் போதும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
இ. சவுரியம்மாள்.