குதிரை கட்டாத லாயம்

புக்கிட் மேரா
3-8-2025

அன்புத் தம்பி சக்திக்கு,

அக்கா எழுதுறது. சுகமா இருக்கியா? வாட்ஸப்புல நீலக் கோடு விழுது, பதில் விழல. அதான் கடுதாசி. தாளைப் பார்த்து மிரளாதே, ஆறாம் நம்பர் அறை விருந்தாளி விட்டுட்டுப் போனது. மேலே நம்ம பங்களா படம் போட்டிருக்கு. மூணாவதோட நின்னவ எழுத்து, தப்பு இருந்தா சிரிச்சுக்கோ.

பங்களாவை நீ பிளான் போட்டு ஓட்டலா மாத்திக் கொடுத்தது நல்லாத்தான் இருக்கு. கறுப்புச் சட்டம், வெள்ளைச் சுவர், மூங்கில் தட்டி, எல்லாம் துரை காலத்துல இருந்த மாதிரியே. எத்தனை தூணுன்னு உன்னைவிட எனக்கு நல்லாத் தெரியும், துடைக்கிறவ நான்தானே.

நேத்து எனக்குப் பின்கட்டுல வேலை போட்டாங்க. நாம நாலு பேர் படுத்த அறையில இப்ப ரெண்டு பேருக்கு இடம் பத்தலைன்னு பக்கத்து அறைச் சுவரை இடிச்சிருக்கே. வாசல்ல பித்தளைப் பலகை வேற. ரிசப்ஷன் பிள்ளை பவித்ரா படிச்சுச் சொன்னா. இது குதிரை லாயமா இருந்துச்சாம். ஆராய்ச்சி பண்ணி எழுதினவர்னு உன் பேர் போட்டிருக்காம்.

ஏன்டா, அந்த வாசல்ல எந்தக் குதிரை நுழையும்? அப்பாவே தோட்டத்துக் கூடையோட பக்கவாட்டிலதான் நுழைவார். அம்மா விளக்கு வச்ச மாடம், குதிரைக்காரன் லாந்தர் வைக்கிற இடமாம். பழசு தெரியணும்னு அதுல படிஞ்ச கரியை மட்டும் அழிக்காம வைக்கச் சொன்னியாம். வெள்ளிக்கிழமையானா குதிரை சாமி கும்பிட்டுச்சாக்கும்.

விளையாட்டை விடு. எனக்கு ஒரு வரி போதும். தோட்டக்காரர் முத்தையா குடும்பம் இங்க குடியிருந்துச்சுன்னு. பலகையை மாத்திடு தம்பி. தீபாவளிக்கு ஆட்டுக்கறி வச்சுக் காத்திருப்பேன்.

உன் அக்கா,
ரஞ்சிதம்


தஞ்சோங் பகார்
11.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் பழைய முழங்கால் வலிக்கு டாக்டரைப் பாருங்கள்.

லாயம் என்பது ஓட்டல் நிர்வாகம் விரும்பிய கதை. வேலைக்காரர் குடியிருப்பு என்றால் அந்த அறையை யாரும் எடுக்க மாட்டார்கள். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பா அந்தப் பங்களாவின் மேலாளராக இருந்தார் என்றுதான் அலுவலகத்திலும் மாமனார் வீட்டிலும் சொல்லியிருக்கிறேன். இருபது வருடம் ஆகிவிட்டது. இப்போது எப்படி மாற்றுவது?

23ஆம் தேதி சனிக்கிழமை பார்வையாளர்களை நானே அழைத்து வந்து கட்டடத்தைப் பற்றி விளக்கப் போகிறேன். அன்று ஒரு நாள் நீங்கள் லீவு எடுத்துக்கொள்ள முடியுமா? தவறாக நினைக்க வேண்டாம்.

அன்புடன்,
சக்தி


புக்கிட் மேரா
24-8-2025

சக்திக்கு,

லீவு கேட்டேன். சனிக்கிழமை கிடையாதுன்னுட்டாங்க. அதனாலதான் நேத்து உன் கண்ணுல பட்டேன், வேணும்னு நிக்கல.

நல்லாப் பேசினே. கை நீட்டி மாடத்தைக் காட்டினப்ப அப்பா கை மாதிரியே இருந்துச்சு. நான் வாளியோட ஓரமா நின்னு கேட்டேன். நீ சொன்னதைக் கேட்டா எனக்கே குதிரைச் சாணி வாடை அடிச்சுச்சு.

கண்ணாடி போட்ட ஒரு அம்மா என்னைப் பார்த்து, "இங்க ரொம்ப நாளா வேலையா?"ன்னு கேட்டாங்க. உன் முகம் வெளுத்துப் போச்சு.

"குதிரை இருந்த காலத்துலேருந்து"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நாலு குதிரை இருந்துச்சு, அதுல ஒண்ணு மட்டும் காலேஜுக்குப் போச்சுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. உனக்காக முழுங்கினேன்.

நீயும் சிரிச்சே. சிரிச்சுட்டு, "தேங்க்யூ ஆன்டி, கொஞ்சம் வழி விடுறீங்களா?"ன்னே.

வழி விட்டேன்.

இந்த ஊர்ல கூட்டித் துடைக்கிறவ எல்லாருக்கும் ஆன்டிதான். யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன், பழக்கம். நேத்தும் திரும்பிப் பார்த்தேன். நீ.

கூட்டம் போனதும் சோப்புத் தண்ணி கலக்கி மாடத்தைத் தேய்ச்சேன். மூணு வாளித் தண்ணி கறுப்பாப் போச்சு. இப்ப புதுசு மாதிரி பளிச்சுன்னு இருக்கு. பழசைக் காணோம்னு மேனேஜர் உன்னைக் கேட்பார், ஏதாவது கதை சொல்லிக்கோ, உனக்கா வராது. குதிரைக்காரன் லாந்தருக்கு எங்கம்மா விளக்குக் கரி எதுக்கு?

தீபாவளிக்கு மாமனார் வீட்டுலேயே சாப்பிட்டுக்கோ. இங்க கறி எடுக்கல.

இப்படிக்கு,
ஆன்டி