கிலுகிலுப்பை பூக்கும் மாதம்

ஒத்தக்கடை
14.6.2025

அன்புள்ள டோனி,

போனை எடுக்க மாட்டாய் என்று தெரிந்துதான் பேனாவை எடுத்தேன். வீட்டை விட்டு வந்த பெண்டாட்டியின் கடிதம் என்று பயப்படாதே, நம் சண்டையைப் பற்றியது அல்ல.

சோணைமலையில் கல் உடைக்க அனுமதி கேட்டு உன் கம்பெனி கொடுத்த ஆய்வறிக்கையைப் பார்த்தேன். கீழே உன் கையெழுத்து. "உச்சிப் புல்வெளியில் காய்ந்த புல்லைத் தவிர எதுவும் இல்லை." எப்போது ஏறினாய்? மே மாதம்! அந்தப் புல்வெளி முழுக்கப் பூக்கும் கிலுகிலுப்பை ஒரு வருடச் செடி. மழைக்கு முளைத்து, மஞ்சளாகப் பூத்து, கோடைக்குள் செத்துவிடும். மே மாதம் மண்ணுக்குள் விதைதான் இருக்கும். தாவரவியல் வகுப்பில் என்னோடு படித்தவனுக்கு இதுவா தெரியாது? கல்யாணம் முடிந்த வாரம் அதே மலையில் காய்ந்த காய் ஒன்றை என் காதருகே ஆட்டி, "நம்ம பாப்பாவுக்கு இப்பவே வாங்கிட்டேன்" என்றாயே.

நவம்பரில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். அதற்குள் திருத்திவிடு.

உன்
ஐரின்


கப்பலூர்
2.7.2025

அன்புள்ள ஐரின்,

கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன். தேதி குறித்தது கம்பெனி. மாற்றினால் என் வேலை போகும்.

நீயும் மே மாதம்தானே கிளம்பினாய்? நான் வாய் திறக்காத ஒரு மாதத்தைப் பார்த்துவிட்டு, "இந்த மனுசன்கிட்ட ஒண்ணுமில்ல" என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். அது மட்டும் சரியான ஆய்வோ?

மூன்று வேளையும் கடைச் சாப்பாடு.

டோனி


ஒத்தக்கடை
9.7.2025

அன்புள்ள டோனி,

சுருக்கென்று தைத்தது. அவசரப்பட்டுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். நீ இல்லாமல் எனக்கும் நன்றாக இல்லை.

கூட்டத்துக்கு வருகிறேன். எழுந்து உண்மையைச் சொல். வேலை போனால் போகட்டும், என் சம்பளத்தில் இருவரும் சாப்பிடலாம். முடிந்ததும் உன்னோடு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். சாவி என் பையில்தான் இருக்கிறது.

உன்
ஐரின்


ஒத்தக்கடை
22.11.2025

திரு. டோனி அவர்களுக்கு,

நேற்று நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். ஆடு மேய்க்கும் ஒச்சாயி மலையிலிருந்து மடி நிறையக் கிலுகிலுப்பைப் பூவைக் கொண்டுவந்து உங்கள் மேசையில் கொட்டினார். "இம்புட்டுப் பூத்துக் கெடக்கு சார், நல்லாப் பாருங்க" என்றார்.

நீங்கள் பார்த்தீர்கள். அறிக்கையின் மேல் விழுந்த பூவைக் கையால் ஒதுக்கிவிட்டு, "எதுவும் இல்லை" என்று வாசித்தீர்கள்.

மே மாதம் பூ கண்ணில் படாததால்தான் அப்படி எழுதினீர்கள் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

வீட்டுச் சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஐரின்